பட்டியலில் இல்லாத ஊர்

ட்ரோன்ஹைம்
18 ஏப்ரல் 1977

அன்புள்ள ஹெர்தீஸ்,

போன தடவை சந்திப்புக்கு நன்றி.

லில்லேஹாம்மர் பனியில் பிடித்த சளி என்னை இன்னும் விடவில்லை. "அறுபத்துநாலு வயசுல பனியில மண்டி போட்டு கல்யாணம் கேட்டியாக்கும்? அப்புறம் எப்படி எழுந்திருச்சே?" என்று என் தங்கை குன்வோர் கேட்டாள். நீங்கள்தான் தூக்கிவிட்டீர்கள் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் கடைசியில் யோவான் நாள் நெருப்பு மூட்டுவதற்குள் பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். அதுவரை நான் வாயைத் திறக்கமாட்டேன். ஜூலையில் நாம் சேர்ந்து போகப்போகும் பயணத்துக்கு ஊர்களை நானே தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுவேன் என்றும் சொன்னீர்கள். டிராம் ஓட்டுகிறவன் பட்டியல் போடுவதில் தவறமாட்டான்.

முதலில் ஸ்டவாங்கர். மத்திமீன் டப்பா அடைத்துக்கொண்டிருந்த ஊரில் இப்போது எல்லாருக்கும் கடலடி எண்ணெய்ப் பேச்சுதான். அந்த வெள்ளை மரவீடுகளை யாராவது இடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு ஓலெசுந்த். ஊரே எரிந்துபோன பின் கல்லும் கோபுரமுமாக எழுப்பினார்கள். குன்றின் மேலிருந்து பார்த்தால் தீவுகளுக்கு நடுவே அழகாக உட்கார்ந்திருக்கும். மோல்டேயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரோஜா, மலைகள், போன வருடம் நாம் சந்தித்த பாடகர் விழா, மழைக்கு ஒதுங்கிய கூடாரத்தில் உங்கள் குரல். கிறிஸ்டியன்சுந்தில் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குக் குட்டிப் படகில் போவோம், தக்காளி போட்டுக் கொதிக்கவைத்த உப்புக்கருவாடு சாப்பிடுவோம். ட்ரோன்ஹைமில் மூன்று நாள். அதன்பின் கோடையில் சூரியனே மறையாத வடக்கு ஊர்கள், போதோவும் ட்ரோம்சோவும்.

எப்போதும் மழை பெய்யும் பெர்கனில் கப்பல் மாற வேண்டும். இரண்டு கப்பலும் அருகருகே நிற்கும் என்பதால் நனையாமல் மாறிவிடலாம்.

உங்கள்
ஓத்வார்


பெர்கன்
23 ஏப்ரல்

ஓத்வார் அவர்களுக்கு,

போன தடவை சந்திப்புக்கு நன்றி. வழக்கத்துக்காக எழுதுகிறேன், மனதார அல்ல.

பட்டியல் கிடைத்தது. கடைசி வரியை நான்கு தடவை படித்தேன். "நனையாமல் மாறிவிடலாம்." பக்கத்துக் கடை மீன்காரி ஆல்ஃப்ஹில்டிடம் படித்துக் காட்டினேன். அவள் வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டு, "இந்த ஆளையா கட்டிக்கப்போறே?" என்று கேட்டாள். கீழ்வீட்டு பிர்கரிடம் படித்துக் காட்டினேன். முப்பது வருடம் கப்பலில் சமையல் செய்து உலகமெல்லாம் பார்த்தவர். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளிநாட்டில் யாராவது "நார்வேயா?" என்று கேட்டால், "இல்லை, பெர்கன்" என்று சொல்லும் கூட்டத்தில் பிறந்தவள் நான். ஏழு மலைக்கு நடுவே இருக்கும் ஊர். நூற்றாண்டுக் கணக்கில் கோணலாகவே சாய்ந்து நின்றும் விழாத கிடங்கு வீடுகள் உள்ள ஊர். முப்பது வருடமாக நான் பூ விற்கும் சந்தைத்திடல் உள்ள ஊர். அது உங்களுக்குக் கப்பல் மாறும் படித்துறை!

சரி. நானும் ஒரு திருத்தம் செய்துவிட்டேன். ட்ரோன்ஹைமை வெட்டிவிட்டேன். மூன்று நாள் எதற்கு? ஒரு பேராலயம், ஒரு ஆறு, காப்பியில் சாராயம் ஊற்றிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் மீசைக்காரர்கள். கிறிஸ்டியன்சுந்திலிருந்து நேரே போதோவுக்குப் போகலாம். வழியில் கப்பல் நின்றால் நான் தூங்கிக்கொள்வேன்.

ஹெர்தீஸ்


ட்ரோன்ஹைம்
29 ஏப்ரல்

அன்புள்ள ஹெர்தீஸ்,

போன தடவை சந்திப்புக்கு நன்றி. நான் மனதார எழுதுகிறேன்.

என் பக்கத்தை விளக்கிவிடுகிறேன். சொந்த ஊருக்கு யாராவது சுற்றுலா போவார்களா? உங்களுக்குத் தெரிந்த தெருக்களை உங்களுக்கே காட்டிக் காசை வீணாக்குவானேன் என்று நினைத்தேன். மழையைப் பற்றி எழுதியது வானிலைத் தகவல், அவ்வளவுதான். அதில் கிண்டல் இல்லை. புள்ளிவிவரம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் டிராமை நிறுத்திவிட்ட ஊர் உங்களுடையது. வாழ்நாளெல்லாம் டிராம் ஓட்டியவன் அந்த ஊரில் எந்த முகத்தோடு போய் இறங்குவான்? இங்கே நான் தெருவில் நடந்தால் ஓத்வார் வருகிறான் என்பார்கள். அங்கே பூக்காரிக்குப் பக்கத்தில் நிற்கும் மீசைக்காரன். இந்த வயதில் ஊர் மாறுவது எளிதில்லை, ஹெர்தீஸ்.

ட்ரோன்ஹைமை வெட்டியது நியாயமில்லை. இங்கே மழையும் குறைவு.

ஓத்வார்


பெர்கன்
3 மே

ஓத்வார் அவர்களுக்கு,

போன தடவைக்கு நன்றி.

ஆக, பட்டியலில் பெர்கன் விட்டுப்போனது ஞாபக மறதியால் இல்லை. கல்யாணமானால் நான்தான் மூட்டை கட்ட வேண்டும் என்பது உங்கள் மனதில் முன்பே முடிவாகியிருக்கிறது. அதை நேரே சொல்லியிருக்கலாம். பனியில் மண்டி போடும்போதே சொல்லியிருந்தால் தூக்கிவிடாமல் இருந்திருப்பேன்.

யோவான் நாள் பதிலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் விரும்பும் திசையில் அல்ல.

புள்ளிவிவரம் அனுப்ப வேண்டாம்.

ஹெர்தீஸ்


வடக்கே போகும் கப்பல், ஓலெசுந்த் துறைமுகம்
20 மே

அன்புள்ள ஓத்வார்,

நன்றி, நன்றி, போன தடவைக்கு. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

இரண்டு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உங்கள் மௌனத்தோடு என்னால் சண்டை போட முடியவில்லை. எதிரே ஆள் இருந்தால்தானே வாய் வரும்? கடைசியில் ஆல்ஃப்ஹில்ட்தான் போட்டு உடைத்தாள். "அந்தாளு உன் ஊரைப் பாக்காமலே வெட்டினான்னு குதிக்கிறியே, நீ ட்ரோன்ஹைமைப் பாத்திருக்கியா?" என்றாள். பார்த்ததில்லை. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் அடுத்த கூட்டை எட்டிப் பார்க்காமலே குறை சொன்ன காக்கை.

அதனால் கடையை அவளிடம் விட்டுவிட்டு உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறேன். இனி அங்கே விற்கும் துலிப் எல்லாம் மீன் வாடைதான் அடிக்கும். கப்பல் இங்கே நிற்கும் நேரத்தில் இதை எழுதித் தபாலில் போடுகிறேன். மனதில் இருப்பதை முதலில் காகிதத்தில் சொல்லிவிட்டால் நேரில் பார்க்கும்போது நாக்கு குழறாது.

எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. ஊர்தான் இடைஞ்சல். அந்த ஊரை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறேன்.

ஹெர்தீஸ்


பெர்கன், உங்கள் சமையலறை
22 மே

அன்புள்ள ஹெர்தீஸ்,

எங்கே போய்விட்டீர்கள்?

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்துத் தெற்கே வரும் கப்பலில் ஏறிவிட்டேன். உங்கள் ஊரில் கப்பல் மாற அல்ல, இறங்க. மழை கொட்டியது. இறங்கியதும் நனைந்தேன். வேண்டுமென்றே நனைந்தேன் என்று உங்கள் பிர்கரிடம் சாட்சி கேட்டுக்கொள்ளலாம்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் என்று மோல்டேயில் ஒரு தடவை சொன்னீர்கள். எந்தத் தொட்டி என்று சொல்லவில்லை. வாசலில் ஒரு தோட்டமே வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாருய்யா அது? பூக்காரி வீட்டுத் தொட்டியை எல்லாம் எடை பாத்துக்கிட்டு?"

"ட்ரோன்ஹைம்லேர்ந்து வர்றேன். என் பேரு ஓத்வார்."

"ஓ! அந்தக் கப்பல் மாத்துற ஆளா!"

பிர்கர்தான். சாவியை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் அவசரமாகப் பெட்டியோடு கிளம்பினீர்களாம், எங்கே என்று ஆல்ஃப்ஹில்டுக்குத்தான் தெரியுமாம். ஆல்ஃப்ஹில்ட் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மீன்தட்டின் மேல் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அரைமணி நேரத்துக்கு வேறு பதில் கிடைக்கவில்லை.

ஆக, நீங்கள் என் வீட்டில் இருக்கிறீர்கள். வழியில் நம் கப்பல்கள் எதிரெதிரே கடந்திருக்கின்றன. எனக்கு நினைவிருக்கிறது. சங்கு ஊதினார்கள், எல்லாரும் வழக்கம்போல் துண்டை எடுத்துக்கொண்டு கையசைக்க மேல்தளத்துக்கு ஓடினார்கள். தெரியாத ஆட்களுக்கு எதற்குக் கையசைப்பது என்று நான் உள்ளே உட்கார்ந்து இன்னொரு உருளைக்கிழங்கு எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

உங்களுக்குத் தொலைபேசி கிடையாது, என் வீட்டிலும் கிடையாது. மறுபடி இருவரும் கிளம்பினால் மறுபடி கடலில் கடப்போம். நான் இங்கேயே இருக்கிறேன். நீங்கள் வந்துவிடுங்கள்.

ஓத்வார்


ட்ரோன்ஹைம், உங்கள் சமையலறை
25 மே

அன்புள்ள ஓத்வார்,

சந்திக்காத சந்திப்புக்கு நன்றி!

அந்தக் கப்பல் கடந்தபோது என் சிவப்புக் கழுத்துத்துணியை அவிழ்த்து அசைத்தேன். அந்தக் கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும். உள்ளே உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்த ஆள் யாராவது இருந்தால் அவருக்கும் சேர்த்துத்தான். அப்போது குன்வோர் எனக்குப் பழக்கமில்லை. உங்களை அறிந்தவள் இப்போது சொல்கிறாள்: "என் அண்ணன் வெளிய வந்திருக்கமாட்டான். உள்ளதான் தின்னுக்கிட்டு இருந்திருப்பான்."

இன்று காலை ஒரு வேடிக்கை. நான் ஓலெசுந்தில் உங்களுக்குப் போட்ட கடிதம் வந்தது. உங்கள் வாசலில் நானே வாங்கிக்கொண்டேன். படித்துப் பார்த்தேன், நல்ல கடிதம். பக்கத்தில் வைத்திருக்கிறேன். இதோடு சேர்த்து அனுப்புகிறேன்.

உங்கள் ஆல்ஃப்ஹில்ட் அனுபவம் எனக்குப் புரிகிறது. இங்கே குன்வோர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தாள், பெட்டியைப் பார்த்தாள், "கிறுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னாள், காப்பி வைத்தாள். அது உங்கள் ஊர் வரவேற்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

மறுபடி கடலில் கடந்துபோக நான் தயாரில்லை. நான் இங்கேயே அசையாமல் இருக்கிறேன். நீங்கள் வாருங்கள்.

ஹெர்தீஸ்


பெர்கன்
31 மே

அன்புள்ள ஹெர்தீஸ்,

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு "அசையமாட்டேன்" என்று எழுதியிருக்கிறோம். நம் நாட்டுக்காரர்களால் மட்டும்தான் இப்படி முடியும். ஒருவருக்கொருவர் வழிவிட்டே வாசலில் நின்றுவிடுவோம்.

நான் கிளம்பத்தான் இருந்தேன். ஆனால் பொதுப் படிக்கட்டைத் துடைக்கும் முறை அட்டை உங்கள் கதவில் தொங்கியது: "இந்த வாரம் படிக்கட்டு என் பொறுப்பு." முறை வந்த வீட்டில் ஆள் இருக்கும்போது படிக்கட்டைத் துடைக்காமல் ஓடிப்போனான் என்ற பெயர் எனக்கு வேண்டாம். துடைத்தேன். பிர்கர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூலை மூலையாகப் பார்த்தார். "பரவாயில்லையே, டிராம்காரரே. ட்ரோன்ஹைம்ல துடைப்பம் எல்லாம் இருக்கா?" என்றார். அன்று சாயங்காலம் மீன் சூப் கொடுத்தார். அப்படி ஒரு சூப்பை நான் குடித்ததில்லை. இரண்டாம் கிண்ணம் கேட்டேன். கேட்டதற்கு மகிழ்ந்து மூன்றாவதும் ஊற்றினார்.

மறுநாள் ஆல்ஃப்ஹில்ட் என்னை உங்கள் கடையில் நிறுத்திவிட்டாள். எனக்குப் பூவின் பெயர் தெரியாது. ஆட்கள் கையால் காட்டுகிறார்கள், நான் எடுத்துக் கட்டிக் கொடுக்கிறேன். "பேசாம பூ விக்கிற ஆளு ஒருத்தர் வந்திருக்காரு" என்று பார்க்கவே சில பெண்மணிகள் வருகிறார்கள். நீங்கள் ஒரு பூங்கொத்துக்கு அரைமணி நேரம் பேசுவீர்களாம். அவர்களுக்கு அது இல்லாமல் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறதாம்.

ஒரு விஷயம் நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. உங்கள் வீட்டுப் பின்னாலிருந்து மலைமேல் ரயில் ஏறுகிறது! இரண்டு வண்டி, இரண்டுக்கும் ஒரே கயிறு. ஒன்று இறங்கினால்தான் மற்றொன்று ஏறும். நடுவில் மட்டும் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று கடக்க இடம் விடுகிறது. தினமும் போகிறேன். உச்சியில் நின்றால் துறைமுகமும் சந்தைத்திடலும் சாய்ந்த வீடுகளும் கீழே விரிந்து கிடக்கின்றன. நேற்று மழை விட்டுக் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. ஊர் முழுவதும் கூரைகள் மினுமினுத்தன. இதை வைத்துக்கொண்டா கப்பல் மாறச் சொன்னேன்?

பிர்கரோடு சீட்டு ஆடுகிறவர் ஒருவர் அங்கேதான் வேலை பார்க்கிறார். கோடைக்கு மாற்று ஓட்டுநர் தேடுகிறார்களாம். எனக்கோ இலையுதிர் காலத்தில் டிராம் வேலையிலிருந்து ஓய்வு.

நான் ஒன்றும் கேட்கவில்லை. செய்தி சொன்னேன்.

ஓத்வார்


ட்ரோன்ஹைம்
6 ஜூன்

அன்புள்ள ஓத்வார்,

போன தடவைக்கு நன்றி. நீங்கள் இத்தனை பேசுவீர்கள் என்று யார் கண்டது? கடிதத்தைக் குன்வோருக்குப் படித்துக் காட்டினேன். பின்னலை மடியில் போட்டுவிட்டு, "இது என் அண்ணன் எழுதினதா? கையெழுத்தைக் காட்டு" என்றாள்.

இப்போது என் கட்சியைக் கேளுங்கள். நான் ட்ரோன்ஹைமை வெட்டியதை வாபஸ் வாங்குகிறேன். ஆற்றோரம் கால்கள் மேல் நிற்கும் மரக்கிடங்குகளைப் பழைய பாலத்திலிருந்து பார்த்துக்கொண்டு நேற்று ஒரு மணி நேரம் நின்றேன். நானா? ஒரு மணி நேரமா? வாயைத் திறக்காமலா? ஆம். பேராலயத்தில் ஆர்கன் ஒத்திகை நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீசைக்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் கைக்குட்டை நீட்டினார். பெர்கனில் என்றால் என்ன ஏது என்று ஒன்பது பேர் விசாரித்திருப்பார்கள்.

உங்கள் டிராமில் காட்டு ஏரி வரை போனேன். சீட்டு கேட்ட பையனிடம் வாய் திறந்ததும் என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். "நீங்கதானே பெர்கன் பூக்காரம்மா?" என்று கேட்டான். பணிமனையில் எல்லாருக்கும் என்னைத் தெரிகிறது. சிவப்புக் கழுத்துத்துணி தெரிகிறது. மோல்டேக் கூடாரத்தில் நான் என்ன பாடினேன் என்பதுகூடத் தெரிகிறது. குன்வோர் சொன்னாள்: "ஒரு வருஷமா பூக்காரி, பூக்காரின்னு கேட்டுக் கேட்டு எங்க எல்லாருக்கும் காது புளிச்சுப்போச்சு." ஓத்வார், எனக்கு நீங்கள் எழுதியதெல்லாம் மழை, கப்பல் நேரம், புள்ளிவிவரம். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை குன்வோர் ஆட்டிறைச்சிச் சூப்பு வைத்தாள். உருண்டை பிடித்து, நாள் முழுக்க நின்று சமைத்தாள். என்ன விசேஷம் என்றேன். "இதை நாங்க கல்யாணத்துக்குத்தான் வைப்போம். உப்பு சரியா இருக்கான்னு பாத்துக்கத்தான் இப்ப வச்சேன்" என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். கம்பம் மாதிரி நின்றாள். பிறகு முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

ஆகவே நாம் ட்ரோன்ஹைமில் இருப்போம். நான் மூட்டை கட்டத் தயார். உங்களுக்கு இந்த வயதில் ஊர் மாறுவது எளிதில்லை என்றீர்கள், நான் மாறிக்கொள்கிறேன். நீங்கள் கிளம்பி வாருங்கள்.

ஹெர்தீஸ்


பெர்கன்
10 ஜூன்

அன்புள்ள ஹெர்தீஸ்,

வர முடியாது.

கோபிக்காமல் படியுங்கள். நேற்று மலை ரயிலிலிருந்து வந்து பார்க்கிறேன், பிர்கர் உங்கள் கதவில் திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கிறார். உங்கள் பெயருக்குக் கீழே பித்தளைத் தகட்டில் என் பெயர். "என்ன பிர்கர் இது? அவங்க இன்னும் சரின்னே சொல்லலையே!" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது உங்க ரெண்டு பேர் பாடு. இங்க சட்டம் ஒண்ணுதான். படிக்கட்டைத் துடைச்சவன் குடியிருக்கிறவன். அடுத்த முறை அட்டை உம்ம பேர்லதான் தொங்கும்" என்றார். என் ஊரில் நாற்பது வருடம் டிராம் ஓட்டி வாங்கிய பெயரை இங்கே ஒரு துடைப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டது.

ஊர் மாறுவது எளிதில்லை என்று எழுதியவன்தான் நான். எனக்குப் பயமாக இருந்தது. இங்கே நான் யாருமில்லாமல் போய்விடுவேன் என்று நினைத்தேன். இப்போது சந்தைக்குப் போனால், "இன்னிக்கு என்ன பூ, டிராம்காரரே?" என்கிறார்கள். நானும் பதில் சொல்கிறேன். நேற்று ஒரு பெண்மணியோடு பியோனிப் பூவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினேன். எனக்குப் பியோனியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆனால் உங்களை இங்கே இழுக்க மாட்டேன். ட்ரோன்ஹைம்தான் என்றால் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன். ஒரு வார்த்தை போதும்.

பட்டியலைத் திருத்தி எழுதியிருக்கிறேன். முதல் ஊர் பெர்கன். எத்தனை நாள் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மற்ற ஊர்கள் அப்படியே. கடைசியில் ட்ரோன்ஹைம், குன்வோரின் சூப்புக்கு. அது எப்போது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஓத்வார்


தெற்கே போகும் கப்பல், மோல்டே துறைமுகம்
16 ஜூன்

ஓத்வார்,

நான் வந்துகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் வரும். தபால்காரர் கொடுத்ததும் நீங்கள் படியுங்கள், நான் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பேன். அதற்காகவே எழுதுகிறேன். பதில் காணோமே என்று நீங்கள் பதறிக் கிளம்பிவிடாமல் இருக்க, நேற்றே தந்தியும் கொடுத்துவிட்டேன். "வருகிறேன். அசையாதே." தந்தியில் மரியாதைக்கு இடமில்லை, மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைக் குன்வோர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அவன் இங்க வந்தா பழையபடி சமையலறையில ஊமையா உக்காந்து காப்பி குடிப்பான். அறுபது வருஷமா அதைத்தான் பாத்தேன். பியோனிப் பூவைப் பத்திப் பேசினானாமே, என் அண்ணன்! அங்கயே வச்சுக்கோ." கண்ணைத் துடைத்தாள். துடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள்.

அதனால் பட்டியலுக்கு ஒப்புதல் தந்துவிட்டேன். ஜூலைப் பயணம் முழுதும் உண்டு. ஸ்டவாங்கர், ஓலெசுந்த், எல்லாம். ட்ரோன்ஹைமில் மூன்று நாள் போதாது, ஒரு வாரம் போடுங்கள். நடுவில் ஒரு நாள் பேராலயத்துக்குப் பக்கத்துச் சின்னத் தேவாலயத்தில் நமக்கு வேலை இருக்கிறது. அன்றைக்குத்தான் சூப்பு. உப்பு சரியாக இருந்தது. பிர்கரையும் ஆல்ஃப்ஹில்டையும் கூட்டி வருவோம். ஒரு வார்த்தை கேட்டீர்களே: சரி. யோவான் நாளுக்கு முன்பே சொல்லிவிட்டேன், நெருப்பை நாம் நிம்மதியாக உட்கார்ந்து பார்க்கலாம்.

பெர்கனுக்கு நேரே காலியாக விட்ட இடத்தில் ஒன்றும் எழுத வேண்டாம்.

சற்று முன் வடக்கே போகும் கப்பல் ஒன்று கடந்தது. சங்கு ஊதினார்கள். பழக்கத்தில் ஓடிப்போய்க் கழுத்துத்துணியை அசைத்தேன். அசைத்துக்கொண்டே அந்தத் தளத்தில் மீசை ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. என் வாழ்நாளில் ஒரு ஆள் கண்ணில் படாததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஒன்று கவனித்தீர்களா? "போன தடவை சந்திப்புக்கு நன்றி" என்று நான் தொடங்கவில்லை. சண்டையில்கூட விடாத வரியை இன்று வேண்டுமென்றே விட்டேன். பிரிந்து போய்த் திரும்பப் பார்க்கிறவர்கள் சொல்லிக்கொள்வது அது. ஒரே கதவில் பெயர் உள்ளவர்களுக்கு ஏது போன தடவை?

ஹெர்தீஸ்